மாசியில் எடுத்த விதையா, கடைப் பாக்கெட்டா?

வைகாசி பாதி கடந்ததும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வானம் இருட்டத் தொடங்கிவிடும். தக்கலையைத் தாண்டிக் குலசேகரம் பக்கம் போகப் போக மழை கனக்கும். அதற்குள் பயறும் (காராமணி) வெண்டையும் வழுதலையும் (கத்தரி) வேர் பிடித்திருக்க வேண்டும். வருடா வருடம் அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். போன அறுவடையில் எடுத்து வைத்த விதையைப் போடுவதா, பாக்கெட் வாங்குவதா, வீரிய ஒட்டு ரகம் வாங்குவதா, இல்லை நர்சரியிலிருந்து நாற்றாகவே கொண்டு வந்துவிடுவதா?

வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடத்தில் நான்கையும் மாறி மாறிச் செய்து பார்த்துவிட்டேன். எல்லாக் காய்க்கும் பொருந்துகிற ஒரே விடை கிடைக்கவில்லை. ஆனால் விடையை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. முதலில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் அந்தக் காயின் பூவைப் பார்க்க வேண்டும். பாக்கெட்டின் விலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் விளைகளில் (தோட்டங்களில்) நிற்பவற்றில் பாதிக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரச்சீனிக்கு (மரவள்ளி) கம்பு, சேனைக்கும் சேம்புக்கும் கிழங்கு, முருங்கைக்குக் கொம்பு, கோவைக்குக் கொடித்தண்டு. இவை தாய்ச்செடியை அப்படியே கொண்டு வரும். விதையில் முளைப்பவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஈரம்

விதையைக் கெடுப்பவை சூடும் ஈரமும். ஹாரிங்டன் என்ற விதை ஆராய்ச்சியாளரின் கணக்கு ஒன்று உண்டு. விதைக்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அதேபோல் இரண்டு மடங்காகும். இன்னொரு எளிய கணக்கும் சொல்வார்கள். அறையின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டிலும் காற்றின் ஈரத்தைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டினால் 100-க்குள் நிற்க வேண்டும். ஆனி மாதத்தில் நம் வீட்டு அலமாரியின் வெப்பம் மட்டுமே 85-ஐ ஒட்டி இருக்கும். காற்றின் ஈரம் 80. கூட்டினால் 165! திறந்த டப்பாவில் வைத்த வெண்டை விதை அடுத்த வருடம் முளைக்காமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்காக எழுதிய விதைக் குறிப்புகள் இங்கே கை கொடுக்காததற்கும் இதுதான் காரணம். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்று முழுசாகக் காய்வதே இல்லை. விதை எடுக்க நமக்குக் கிடைக்கும் உண்மையான வெயில் தை, மாசி, பங்குனிதான். சித்திரையில் கோடை மழை இடியோடு வந்துவிடும்.

அதனால் நான் செய்யும் முதல் மாற்றம் இது. சமையலுக்கான செடியையும் விதைக்கான செடியையும் ஒரே மாதத்தில் போடுவதில்லை. கார்த்திகைக் கடைசியில் மழை ஓயும்போது பயறும் வெண்டையும் விதைக்காகத் தனியாக ஊன்றுகிறேன். எண்பது, தொண்ணூறு நாளில், சரியாக மாசியில், நெற்று காய்ந்து நிற்கும். புடல், பீர்க்கு, பாகல் இன்னும் கொஞ்சம் நாள் எடுத்துப் பங்குனியில் பழுக்கும். வழுதலைக்கு நாற்று புரட்டாசியிலேயே போட்டால்தான் மாசியில் மஞ்சளாகப் பழுத்த காய் கிடைக்கும். மாசியில் எடுத்த விதையை வைகாசி விதைப்பு வரை மூன்று மாதம் காப்பாற்றினால் போதும். அந்த மூன்று மாதத்தை எந்த வீடும் சமாளித்துவிடும். புரட்டாசி விதைப்புக்கும் அதே விதை வேண்டும் என்றால்தான் சிரமம், ஏனென்றால் நடுவில் ஒரு முழு மழைக்காலம் இருக்கிறது.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. மழை குறைவு, கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. அங்கே ஆனியிலும் நெற்று காயும். ஆனால் அதே காற்று பந்தலில் கொடியைக் கிழித்துவிடும். அவர்கள் தரையில் ஓடும் ரகங்களிலும் குத்துப் பயறிலும் விதை எடுத்தால் நிம்மதி.

காய வைப்பதில் ஒரே எச்சரிக்கை. உச்சி வெயிலில் சிமெண்ட் மாடியில் பரப்பாதீர்கள், விதை வெந்துவிடும். முதல் இரண்டு நாள் நிழலில், அப்புறம் காலை வெயிலில் முறத்திலோ துணியிலோ காய வேண்டும். பயறைப் பல்லில் கடித்தால் தடம் விழக் கூடாது. பூசணி வகை விதையை வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும்.

அம்மா காலத்தில் வீட்டிலேயே நல்ல விதைக் கிடங்கு இருந்தது. விறகடுப்புக்கு மேலே பரண். நெற்றோடு பயறு, முற்றிய வெண்டை, காய்ந்த பீர்க்கங்காய் எல்லாம் அங்கே தொங்கும். அடுப்பின் சூடு ஈரத்தை எடுக்கும், புகை வண்டை விரட்டும். பூசணி, வெள்ளரி விதையைச் சாணியில் பதித்து வறட்டி மாதிரி சுவரில் அப்பி வைப்பார்கள். சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு வைப்பதும் உண்டு. கேஸ் அடுப்பு வந்ததும் பரண் போய்விட்டது. விதை கெட்டுப் போகிறது என்று இப்போது நாம் சொல்வதில் பாதிக்கு மேல் பரண் இல்லாத குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு ஈடாக நான் கண்ட வழி, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலும் வறுத்த அரிசியும். ஒரு கை அரிசியை வெறும் சட்டியில் நிறம் மாறும்வரை வறுத்து, மூடி வைத்து ஆறவிட்டு, துணியில் முடிந்து பாட்டிலின் அடியில் போட வேண்டும். அதன் மேல் காகித உறையில் விதை. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வறுத்து மாற்றினால் போதும். நன்றாகக் காய்ந்த விதை உள்ள பாட்டிலை ஃபிரிட்ஜிலும் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல், பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் பூத்து அத்தனை பாடும் வீண்.

பயறுக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு. பயறு வண்டு தோட்டத்திலேயே நெற்றின் மேல் முட்டை வைத்துவிடும். சுத்தமாகத் தெரிகிற பயறு இரண்டு மாதத்தில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். நன்றாகக் காய்ந்த பயறை ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். அது முடியாவிட்டால் சலித்த சாம்பலில் புரட்டலாம், அல்லது வேப்பெண்ணெய் சில சொட்டுவிட்டுக் கையால் பிசறி வைக்கலாம்.

அப்புறம் பூ

ஈரத்தை வென்றாலும் எடுத்த விதை அதே காயைத் தருமா என்பது பூவைப் பொறுத்தது.

பயறு, அவரை, சதுரப்பயறு, தக்காளி ஆகியவற்றில் ஒரே பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடும். நீட்டுப் பயறில் பூ விரிவதற்கு முன்பே பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் வேறு ரகம் நின்றாலும் கவலை இல்லை. ஐந்தாறு செடியிலிருந்து எடுத்தால் போதும். இவற்றுக்கு நான் பாக்கெட் வாங்கவே சொல்ல மாட்டேன். அதிலும் சதுரப்பயறும் பழைய கொடி அவரையும் பகல் குறுகும் மாதங்களில்தான் பூக்கும். அந்தந்த வீட்டு விதை நம் மழைக்கும் நாளுக்கும் பழகியது, அதைக் கடையில் தேடினால் கிடைக்காது.

வழுதலை நடுவில் நிற்கும் ரகம். பெரும்பாலும் தன் மகரந்தம்தான், ஆனால் வண்டு, தேனீ வந்தால் கொஞ்சம் கலக்கும். வெண்டையும் மிளகாயும் இன்னும் கூடுதலாகக் கலக்கும். இதற்கு வழி எளிது. விரியப் போகும் மொட்டின் மேல் மாலையிலேயே கொசுவலைத் துணியில் தைத்த சிறு பையை மாட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு ஒரு நூலைக் கட்டி வைக்க வேண்டும். நூல் கட்டிய காய் விதைக்கு, மற்றதெல்லாம் குழம்புக்கு.

புடல், பீர்க்கு, பாகல், சுரை, வெள்ளரி, தடியங்காய் (வெண்பூசணி), பூசணி இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சி வராமல் காயே பிடிக்காது, பூச்சி எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. ஐந்து சென்ட், பத்து சென்ட் வீடுகள் மதிலோடு மதிலாக நிற்கும் நம் ஊரில் தூரம் விட்டு நடுவது நடக்காத காரியம். கையால்தான் சேர்க்க வேண்டும். அடுத்து விரியப் போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதலிலேயே நூலால் கட்டிவிட்டு, விரியும் நேரத்தில் அவிழ்த்து, ஆண் பூவின் இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்ட வேண்டும். நேரம்தான் முக்கியம். பாகல், பூசணி விடியற்காலையில் விரியும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம். புடல் இருட்டிய பிறகு விரியும், அதற்கு டார்ச்சோடு போக வேண்டியிருக்கும். எனக்கு இது தோட்டத்திலேயே பிடித்த வேலை. நேரம் இல்லாதவர்கள் இந்தக் கொடிகளுக்கு மட்டும் பாக்கெட் வாங்குவதில் தப்பே இல்லை.

இங்கே ஒரு பொய்ப் பயத்தையும் ஒரு மெய்ப் பயத்தையும் சொல்ல வேண்டும். சுரைக்குப் பக்கத்தில் பீர்க்கு நின்றால் கலந்துவிடும் என்பது பொய். வேறு வேறு இனம், கலக்காது. ஆனால் கசப்புச் சுரை ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்து நம் சுரையோடு கலந்தால், அந்த விதையில் முளைத்த கொடியின் காய் கசக்கலாம். கசக்கும் சுரைக்காயை ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது, அது நஞ்சு. அந்தக் கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள்.

எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதில் நானே பல வருடம் தப்புச் செய்தேன். நல்ல காயையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, கடைசியில் இலை மறைவில் தப்பிய ஒன்றை விதைக்கு எடுப்பேன். பக்கத்து வீட்டில் ஒரு வயதான பாட்டி இருந்தார்கள். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "மக்களே, நல்லதைத் தின்னுட்டுக் கெட்டதையா வெதைக்கு விடுவா? வருசா வருசம் அதுதானே மொளைக்கும்" என்றார்கள். அன்றிலிருந்து முதல் வாரமே செடியைப் பார்த்து நூல் கட்டிவிடுகிறேன். காயின் அழகை மட்டும் பார்ப்பதில்லை. மழையில் நின்றது எது, பூச்சி குறைவாக ஏறியது எது, கடைசிவரை காய்த்தது எது என்று முழுச் செடியையும் பார்க்கிறேன். பயறில் இலை தேமலாகச் சுருங்கிய கொடியில் விதை எடுப்பதே இல்லை, அந்த நோய் விதையோடு போகும். வெண்டையின் மஞ்சள் நரம்பு நோய் வெள்ளை ஈயால் பரவுவது, விதையில் வராது. ஆனாலும் நோய் தாங்கிய செடியில் எடுப்பதே நல்லது.

பாக்கெட்டும் வீரிய ஒட்டும்

வீரிய ஒட்டு என்பது இரண்டு தேர்ந்த பெற்றோரைக் கலந்த முதல் தலைமுறை விதை. செடிகள் ஒன்றுபோல் நிற்கும், காய்ப்பும் அதிகம். ஆனால் அதன் காயில் விதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் பெற்றோர் பக்கமும் தாத்தா பக்கமுமாகப் பிரிந்துவிடும். பத்துச் செடியில் இரண்டு நன்றாக இருக்கும், மற்றவை எப்படி என்று சொல்ல முடியாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே அதுதான். வீரிய ஒட்டு வாங்குகிறவர் வருடா வருடம் வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

மேற்குப் பக்கத்துத் தக்காளிக்கு இந்த ஒப்பீடு ரொம்பக் கூர்மையாகிறது. நம் செம்புரை மண் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை கூடியது. அதில் பாக்டீரியா வாடல் நோய் நிலையாகத் தங்கிவிடும். முதல் நாள் பச்சையாக நின்ற செடி மறுநாள் வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கும், இலை மஞ்சளாவதற்குக்கூட நேரம் இருக்காது. சந்தேகம் இருந்தால் தண்டை அறுத்து ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடியுங்கள். பால்போல் ஒரு இழை இறங்கினால் அந்த நோய்தான். அந்த மண்ணில் மற்ற இடங்களில் பேர்பெற்ற பெரியகுளம் பி.கே.எம். 1 போட்டு நான் நொந்துபோனேன். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த வாடலையும் இலைச் சுருட்டையையும் தாங்கும், ஆனால் அது வீரிய ஒட்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ஆகியவையும் வாடலைத் தாங்குபவை. இவை ஒட்டு இல்லை, விதை எடுக்கலாம். காய் கொஞ்சம் சிறியது, தோல் மெல்லியது, சந்தைக்குப் போகாது. வீட்டுக்கு அது போதாதா? வழுதலையில் சூர்யா, ஹரிதா, மிளகாயில் உஜ்ஜ்வலா ஆகியவையும் அப்படியே. முதல் வருடம் ஒருமுறை நல்ல இடத்தில் வாங்கி, அப்புறம் நீங்களே எடுத்துக்கொள்வதுதான் நான் தேர்ந்த வழி.

தக்காளி விதையை ரசத்தோடு ஒரு டம்ளரில் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது, புளித்தால் கழன்றுவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் மூன்று நான்கு நாள் என்று இருக்கும். நம் சூட்டில் அத்தனை நாள் விட்டால் டம்ளரிலேயே முளைத்துவிடும்.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும், முளைப்புத் திறன் எவ்வளவு என்று இருக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு இந்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு தக்காளி, வழுதலைக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பூசணி வகைக்கும் 60. தேதியே இல்லாத குட்டிப் பாக்கெட் எத்தனை மழைக்காலத்தைக் கடையில் கழித்ததோ தெரியாது. வாங்கியதாயிருந்தாலும் வீட்டு விதையாயிருந்தாலும் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு விதையுங்கள். நிறம் பூசிய விதை மருந்து கலந்தது, கையைக் கழுவ மறக்காதீர்கள்.

முட்டைக்கோஸ், பீட்ரூட் போன்றவை பூத்து விதைக்கக் குளிர் வேண்டும். நம் சமவெளியில் அது நடக்காது. அவற்றுக்குக் கடை ஒன்றே வழி.

நாற்று வாங்குவது

நாற்பது நாள் மிச்சமாகும், மிளகாய் நாற்று வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்றோடு அந்த இடத்து மண்ணும் வருகிறது. ஒரு வருடம் ஒரு நர்சரியில் வாங்கிய வழுதலை நாற்றோடுதான் எங்கள் கிழக்கு வரிசைக்கு வாடல் வந்தது என்று நம்புகிறேன், அதுவரை அந்த வரிசையில் ஒரு செடி வாடியதில்லை. ரகத்தின் பெயரைக் கேட்டால் "நல்ல காய்" என்றுதான் பதில் வரும். தென்னைநார்க் கழிவில் குழித்தட்டில் வளர்ந்த நாற்றாக இருந்தால் மட்டும் வாங்கலாம், அதில் மண் இல்லை.

எதில் முளைக்க வைப்பது

பயறு, வெண்டை, கொத்தவரை நேரடியாக மண்ணில். வேரைத் தொட்டால் இவை முகம் சுளிக்கும். வெண்டையை ஒரு ராத்திரி ஊற வைக்கலாம். பயறை ஊற வைக்காதீர்கள், மழை மண்ணில் அழுகும். பாகல் விதையின் ஓடு கெட்டி. நுனியை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி ஒரு ராத்திரி ஊற வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

தக்காளி, வழுதலை, மிளகாய்க்கு மூன்று வழி இருக்கிறது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால் பழைய வழி. கோடையில் அருமையாக வரும். இடவப்பாதியில், அதாவது வைகாசிப் பாதியில் தொடங்கும் மழையில், போட்டால் மூன்றே நாளில் நாற்றழுகல் வந்து கழுத்து இற்றுச் சாயும். குழித்தட்டு சுத்தமானது, ஆனால் சின்னக் குழி. மழை பத்து நாள் விடாமல் பெய்து நடவு தள்ளிப்போனால் வேர் சுருண்டு நாற்று கிழடாகிவிடும். எனக்கு ஒத்து வருவது சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி. கண்ணைக் குத்தித் துளையிட்ட சிரட்டையில் இரண்டு விதை, நன்றாக முளைத்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுகிறேன். குழித்தட்டைவிட மண் அதிகம் பிடிக்கும், ஒரு வாரம் தாமதமானாலும் தாங்கும். இறவாரத்துக்கு அடியில், மழை படாமல் வெளிச்சம் படும்படி வரிசையாக வைக்கலாம். சிரட்டையோடு மண்ணில் புதைக்கக் கூடாது, அது மக்கப் பல வருடம் ஆகும். தட்டிக் கவிழ்த்தால் மண்கட்டி முழுசாக வந்துவிடும்.

உள்ளே நிரப்பத் தென்னைநார்க் கழிவு நம் மாவட்டத்தில் எங்கும் கிடைக்கும். கயிறு ஆலையிலிருந்து அப்படியே எடுத்த கழிவில் உப்பும் துவர்ப்பும் இருக்கும், கடலோரத்துக் கழிவில் உப்பு இன்னும் கூடுதல். தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து மூன்று முறை மாற்ற வேண்டும். கழுவாமல் போட்டுவிட்டு விதை சரியில்லை என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவியது ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. விதையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோயை அடக்கும் நல்ல பூஞ்சைப் பொடி கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கு சொல்வார்கள். வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை போட்டுப் பிசறினால் நாற்றழுகல் நன்றாகக் குறைகிறது.

தக்காளி 25 நாளில், வழுதலை 30, 35 நாளில், மிளகாய் 40 நாளில் நடவுக்குத் தயார். நடுவதற்கு நான்கைந்து நாள் முன்பே வெயிலில் நகர்த்தித் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள்.

எவ்வளவு விதை வைத்துக்கொள்வது, எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டியதைப்போல் மூன்று மடங்கு எடுத்து, ஒரு பங்கை நம் வீட்டிலும் மற்ற இரண்டை இரண்டு வீடுகளிலும் வைக்க வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது எங்கள் தென்னை ஒன்று சமையலறைக் கூரை மேல் விழுந்தது. பாட்டில்கள் உடைந்து அத்தனை விதையும் மழைத்தண்ணீரில் போனது. விதைக்காக நின்ற செடிகளும் மிஞ்சவில்லை. அம்மா காலத்திலிருந்து வந்த, சிவப்பு நுனி கொண்ட நீட்டுப் பயறு அதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். அடுத்த வைகாசியில் திருவட்டாறுப் பக்கம் கட்டிக் கொடுத்த சித்தி மகள் வந்தாள். என்றோ நான் கொடுத்து மறந்துபோன பயறை அவள் வீட்டு விளையில் வருடா வருடம் போட்டு வந்திருக்கிறாள். "அக்கா, உனக்க பயறுதான் இது" என்று மடித்த பத்திரிகைத் தாளை நீட்டினாள். உள்ளே நாற்பத்தேழு விதை இருந்தது. அன்று சாயங்காலமே முப்பதை ஊன்றினேன். மீதியைப் பாட்டிலில் வைத்தேன்.